லீவில் ஜெயித்த ஆட்டம்

நாம் காலால் உதைத்த கால்பந்து அல்ல. அமெரிக்கர்கள் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து பற்றிச் சொல்கிறேன். 1905 சீசனில் அந்த முரட்டு ஆட்டத்தில் பல இளைஞர்கள் உயிரையே விட்டார்கள். அதனால் 1906-இல் பந்தை முன்னோக்கி எறியலாம் என்று விதியை மாற்றினார்கள். ஆனாலும் பெரிய கல்லூரிகள் பெரும்பாலும் முட்டி மோதுவதையே நம்பின.

1913 கோடை விடுமுறையில் நோட்டர்டேம் மாணவர்கள் டோரேயும் ராக்னியும் ஈரி ஏரிக்கரையில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் எறிந்தும் பிடித்தும் பழகினார்கள். நவம்பர் 1 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை 35-13 என்று சாய்த்தார்கள். அந்த சீசனின் 7 ஆட்டங்களிலும் வெற்றி!

பொறியாளனான எனக்குப் பிடித்தது இதுதான்: புது விதி 7 வருஷமாக எல்லார் கையிலும்தான் இருந்தது, பழகிப் பார்த்தவன் ஜெயித்தான். தம்பி, தங்கைகளே, லீவு வருது, யோசிங்க!