கனடிய சிடி தலைக்காய விதி

கனடிய சிடி தலைக்காய விதி என்பது, தலையில் லேசாக அடிபட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர்களில் யாருக்கு சிடி ஸ்கேன் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்ய உதவும் நெறிமுறை ஆகும். கனடாவின் ஒட்டாவா நகரைச் சேர்ந்த அவசர மருத்துவர் இயன் ஸ்டீல் தலைமையிலான குழு இதனை உருவாக்கி, 2001 ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டது.

லேசாக அடிபட்டவர் பெரும்பாலும் பேசிக்கொண்டே நடந்து வருவார். ஆனால் மிகச் சிலருக்கு மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்து, சில மணி நேரத்தில் மூளையை அழுத்தத் தொடங்கும். 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவின் கியூபெக்கில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். தமக்கு ஒன்றுமில்லை என்று கூறி முதலில் சிகிச்சையை மறுத்த அவர், இரண்டே நாட்களில் இறந்துபோனார். இத்தகைய ஒருவரைத் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவோமோ என்பதே மருத்துவர்களின் அச்சம்.

சிடி கருவி வருவதற்கு முன்பு மண்டையோட்டை எக்ஸ்-ரே எடுப்பதும், நோயாளியை மருத்துவமனையில் தங்கவைத்துக் கவனிப்பதுமே வழக்கம். எக்ஸ்-ரே எலும்பு முறிவைக் காட்டும். உள்ளே கசியும் இரத்தத்தைக் காட்டாது. 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு வடிவமைத்த கருவி முதல்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. 1974 இல் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னட்டும் கிளாஸ்கோ நினைவு அளவுகோலை வெளியிட்டனர். கண் திறத்தல், பேச்சு, உடல் அசைவு ஆகியவற்றுக்கு 3 முதல் 15 வரை மதிப்பெண் தரும் இந்த அளவில் 13 அல்லது அதற்கு மேல் பெற்றால் அது லேசான காயம்.

கருவி பரவியபின் சிக்கல் வேறு வடிவம் எடுத்தது. எல்லோருக்கும் ஸ்கேன் எடுத்தால் செலவும், காத்திருப்பும், கதிர்வீச்சும் கூடும். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த நியூ ஆர்லியன்ஸ் விதி தலைவலி, வாந்தி, மதுபோதை உள்ளிட்ட ஏழு அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் எடுக்கச் சொன்னது. தலையில் அடிபட்டவருக்குத் தலைவலி இல்லாமலா இருக்கும்?

ஸ்டீல் குழுவினர் 10 மருத்துவமனைகளில் 3121 நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்கு முக்கியமான மூளைக்காயம் இருந்தது. மூளை அறுவை போன்ற தலையீடு தேவைப்பட்டவர்கள் 1 விழுக்காட்டினரே. இரண்டு மணி நேரத்துக்குள் 15 மதிப்பெண்ணை எட்டாமை, மண்டையோடு அல்லது அதன் அடிப்பகுதி முறிந்ததற்கான அறிகுறி, இரண்டு முறைக்கு மேற்பட்டோ இரண்டு முறையோ வாந்தி, 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது ஆகியவை பேராபத்து அடையாளங்கள் எனப்பட்டன. அடிபடுவதற்கு முந்தைய அரை மணி நேரமோ அதற்கு மேலோ மறந்துபோவதும், வாகனம் மோதியது போன்ற ஆபத்தான விபத்தும் அடுத்த நிலையில் வைக்கப்பட்டன. 16 வயதுக்கு உட்பட்டோருக்கும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோருக்கும் விதி பொருந்தாது.

2005 இல் முழு நினைவுடன் இருந்த 1822 கனடிய நோயாளிகளிடம் இரு விதிகளும் ஒப்பிடப்பட்டன. அறுவை தேவைப்பட்ட 8 பேரையும் இரண்டுமே தவறவிடவில்லை. ஆனால் நியூ ஆர்லியன்ஸ் விதிப்படி 88 விழுக்காட்டினருக்கு ஸ்கேன் தேவைப்பட்டது. கனடிய விதிப்படி 52 விழுக்காட்டினருக்கே.

தாளில் வென்ற விதி மருத்துவமனையில் திணறியது. 12 கனடிய அவசரப் பிரிவுகளில் நடந்த ஆய்வின் முடிவு 2010 இல் வெளிவந்தது. விதியைக் கற்பித்து, ஸ்கேன் கோரும் படிவத்திலேயே நினைவூட்டிய இடங்களில் ஸ்கேன் அளவு 62.8 இலிருந்து 76.2 விழுக்காடாக உயர்ந்தது. விதியைப் புகுத்தாத இடங்களிலும் உயர்வு இருந்தது, ஆனால் குறைவாக. தேவையற்ற ஸ்கேனுக்காக மருத்துவரைக் கடிந்துகொள்பவர் அரிது. எடுக்காமல் விட்ட ஒன்று பிழையானால் பொறுப்பு அவர் தலையில்தான் விழும்.

குழந்தைகளுக்கான தனி விதி 2009 இல் அமெரிக்காவில் வந்தது. 42,412 பிள்ளைகளை ஆராய்ந்து உருவாக்கப்பட்ட அது, கதிர்வீச்சால் கூடுதல் தீங்குக்கு ஆளாகக்கூடிய அவர்களில் யாருக்கு ஸ்கேன் தேவையில்லை என்பதைக் கண்டறிவதையே நோக்கமாகக் கொண்டது.