பூஜ்யம் கொடுத்த பைன் மரம்

பைன் மரம்னதும் நம்மில் பலருக்கு கொடைக்கானல் பைன் காடும் அங்கே எடுத்த சினிமாப் பாட்டுகளும்தான் ஞாபகம் வரும். எனக்கு பெட்ரோல் பங்க் ஞாபகம் வரும். சிரிக்காதீங்க, காரணம் இருக்கு. பெட்ரோலுக்கு 91, 95, 100 என்று ஆக்டேன் எண் சொல்கிறார்களே, அந்த அளவுகோலின் பூஜ்யம் ஒரு பைன் மரத்திலிருந்து வந்தது.

முதல்ல கொஞ்சம் தாவரவியல். பூவும் கிடையாது, காய்க்குள் விதையை மூடி வைக்கிற வழக்கமும் கிடையாது. கூம்பின் செதில்கள் மேல் விதையை வைக்கும் மரங்கள் இவை. பைன், தேவதாரு, சைப்ரஸ் எல்லாம் இந்தக் கூட்டம்தான். பைன் மரத்துப் பட்டையில் காயம் பட்டால் பிசின் வழியும். அது காயத்தை மூடும், துளைக்க வரும் வண்டையும் திணற அடிக்கும். இந்தப் பிசினைக் காய்ச்சி ஆவியைக் குளிர வைத்தால் கிடைப்பதுதான் பெயின்ட் கடையில் வாங்குகிற டர்பன்டைன். அதில் பெரும்பாலும் இருப்பது பைனீன். பத்து கார்பன் அணுக்கள் வளையமாகக் கோத்த பொருள், 155 டிகிரி செல்சியஸ் வாக்கில் கொதிக்கும்.

இனி வரலாறு. அமெரிக்காவின் டர்பன்டைன் எல்லாம் தென் மாநிலக் காடுகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்குக்கு வரத்து நின்று போச்சு. உடனே கலிபோர்னியா பைன் மரங்கள் பக்கம் பார்வை திரும்பியது. அங்கே பாண்டரோசா பைன், ஜெஃப்ரி பைன் என்று இரண்டு மரங்கள். இரண்டுக்கும் மும்மூன்று ஊசியிலைகள், பல இடங்களில் கலந்தே நிற்கும். பாண்டரோசா கூம்பைக் கையில் பிடித்தால் குத்தும், முட்கள் வெளியே நீட்டியிருக்கும். ஜெஃப்ரி கூம்பில் முட்கள் உள்பக்கமாக மடங்கியிருக்கும், அவ்வளவா குத்தாது.

பிசினில்தான் பெரிய வித்தியாசம். ஜெஃப்ரி மரத்தின் பிசினில் பைனீனுக்குப் பதிலாக இருப்பது ஏறக்குறைய சுத்தமான ஹெப்டேன்! ஏழு கார்பன் அணுக்கள் ஒரே நேர்கோட்டில் நிற்கும் பொருள். 98 டிகிரியிலேயே கொதித்துவிடும், பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். டர்பன்டைன் என்று நினைத்து விறகு அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும்? கொப்பரை வெடிக்கும். வெடிக்கவும் செய்தது. ஒரு முள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கு என்று பார்ப்பது அங்கே வேலை செய்தவர்களுக்கு உயிர்ப் பிரச்சனை.

மரத்துக்குப் பெயர் கொடுத்த ஜான் ஜெஃப்ரி கதையும் சோகம்தான். விதை சேகரிக்க அனுப்பப்பட்ட ஸ்காட்லாந்துக்காரர். 1852-ல் இந்த மரத்தைச் சேகரித்தார். 1854-க்குப் பிறகு ஆள் என்ன ஆனார் என்றே தெரியவில்லை.

1872-ல் சான்பிரான்சிஸ்கோவின் வில்லியம் வென்செல், இதே குணமுள்ள இன்னொரு கலிபோர்னியா பைனிலிருந்து எடுத்த எண்ணெயைப் பற்றி எழுதினார். அது துணியில் கறை எடுக்கும் திரவமாக விற்றது. அது ஹெப்டேன் என்று 1879-ல் நிறுவியவர் ஆங்கிலேய வேதியியலாளர் தார்ப்.

அப்புறம் கார்கள் வந்தன. மட்டமான பெட்ரோல் போட்டால் எஞ்சின் 'டக் டக்'குனு தட்டும். தீப்பொறியில் பிறந்த சுடர் வந்து சேரும்வரை காத்திராமல் மீதி எரிபொருள் அழுத்தத்திலேயே பற்றிக்கொள்வதால் வரும் தட்டல் அது. ஈயக் கலவை சேர்த்தால் தட்டல் நிற்கும் என்று 1921-ல் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தார். 1924-ல் அதைத் தயாரித்த நியூஜெர்சி ஆலையில் தொழிலாளர்கள் ஈய நஞ்சால் புத்தி பேதலித்து, ஐந்து பேர் இறந்தார்கள். வியாபாரம் நிற்கவில்லை.

அந்த ஈயக் கலவையை விற்ற எத்தில் நிறுவனத்தில் வேலை பார்த்தவர் கிரஹாம் எட்கர். பெட்ரோலின் தரத்தை ஒப்பிட ஒரு அளவுகோல் தேவைப்பட்டது. 1926-ல் அவர் கிளைகள் கொண்ட ஐசோஆக்டேனுக்கு 100, மிக எளிதில் தட்டும் ஹெப்டேனுக்கு 0 என்று முன்வைத்தார். 91 என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்தால் எவ்வளவு தட்டுமோ அவ்வளவுதான் இந்த பெட்ரோலும் தட்டும் என்று அர்த்தம். கச்சா எண்ணெயிலிருந்து சுத்தமான ஹெப்டேனைப் பிரிப்பது அப்போ பெரும்பாடு. ஆனால் மரம் அதைத் தயாராக வைத்திருந்தது. கொப்பரையை வெடிக்க வைத்த அதே சுத்தம்தான் இங்கே உதவியது. பின்னாளில் பெட்ரோலியத்திலிருந்தே பிரிக்கக் கற்றதும் மரத்துக்கு அந்த வேலை போச்சு.

ஈயம் மட்டும் சீக்கிரம் போகவில்லை. புகையோடு வெளியே வந்து குழந்தைகளின் மூளையைக் கெடுக்கிற விஷம் அது. இந்தியா முழுக்க ஈய பெட்ரோல் நின்றது 2000-த்தில். உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-ல். 1924-ல் ஐந்து பேர் செத்தபோதே தெரிந்த விஷயத்துக்கு 97 வருஷம்!

ஜெஃப்ரி பைன் தன் பிசினைச் செய்தது வண்டுகளுக்கு எதிராக. பாண்டரோசாவைத் தாக்கும் மேற்குப் பைன் வண்டு இதன் பக்கம் வருவதில்லை. இதற்கென்றே பழகிய ஒரு தனி வண்டு மட்டும் அந்த ஹெப்டேனைத் தாங்கிக்கொண்டு துளைக்கிறது. மரமும் வண்டும் ஒருவரையொருவர் இவ்வளவு நுணுக்கமாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. நாம் கொப்பரை வெடித்த பிறகுதான் கூம்பைத் திருப்பிப் பார்த்தோம்.