கடற்பாசியும் உயிரணுப் படுக்கையும்

பெரிய நிக்கோபாரில், கேம்பல் பேயில் குடியிருக்கும் நமக்குத் தாய்த் தமிழகத்தைக் காட்டிலும் சுமத்திராவே அண்மை. அந்த மலாய்த் தீவுகளின் அடுக்களைச் சொல்லொன்று உலகத்து ஆய்வுக்கூடங்களிலெல்லாம் குடியேறியிருக்கிறது. ‘அகர் அகர்’ என்பதே அச்சொல். நோன்புக் காலத்தில் தமிழ் முஸ்லிம் இல்லங்களில் பாலிட்டுக் காய்ச்சி உறைய வைக்கும் கடற்பாசியும் இதுவேயாம்.

1881ஆம் ஆண்டு, பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில், வால்தர் ஹெஸ்ஸே என்னும் மருத்துவர் காற்றில் மிதக்கும் கிருமிகளை ஜெலட்டின்மீது வளர்க்க முயன்றார். விலங்கின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது ஜெலட்டின். நம் உடற்சூடான 37 பாகையில் அது உருகிவிடும். போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே கரைத்துவிடும். கோடையில் அவர் பட்ட பாடெல்லாம் நீராயிற்று. அவர் துணைவியார் ஃபேன்னியின் பழக்கூழோ வெயிலிலும் குழையாது நின்றது. ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அயலார் அவருக்குச் சொல்லித் தந்த பக்குவம் அது. அகரையே இட்டுப் பாருங்கள் என்றார் அம்மையார். ஏறத்தாழ 85 பாகையில்தான் அகர் உருகும். 1882இல் காசநோய்க் கிருமியை அறிவித்தபோது காக் அகரைக் குறிப்பிட்டார்; அம்மையாரைக் குறிப்பிடவில்லை.

1964இல் மக்ஃபர்சன், மான்டாக்னியே என்னும் இருவர் விலங்கு உயிரணுக்களை மென்மையான அகர்க் கூழுக்குள் மிதக்கவிட்டனர். வைரஸால் புற்றுத்தன்மை அடைந்தவை நாற்புறமும் பெருகி உருண்டைகளாயின. பற்றுக்கோடு வேண்டும் இயல்பான உயிரணுக்களோ வளரவில்லை. அவற்றுக்கெனச் சுண்டெலியின் கட்டியிலிருந்து எடுத்த கூழ் பின்னர் வழக்கில் வந்தது. அதன் சேர்மானம் ஒரு முறை போல் மறுமுறை இருப்பதில்லை. ஆகவே அறிஞர் சிலர் மீண்டும் கடலை நாடினர். பழுப்புப் பாசியின் ஆல்ஜினேட்டில் சிறு புரதத் துணுக்குகளைக் கோத்து, உயிரணு பற்றிக்கொள்ளப் பிடி அமைக்கின்றனர்.

இப்பாசிகள் நம் இராமநாதபுரக் கடலிலும் உண்டு. அகர் தரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, ஆல்ஜினேட் தரும் கட்டக்கோரை என்று அங்குள்ளோர் பெயரிட்டிருக்கின்றனர். எந்த நூலகராதியிலும் நாம் தேடிக் காணாத அழகிய பெயர்கள்! விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கிப் பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளப் பாறைகளைக் காக்க எழுந்த தடை அவர்கள் மூழ்கும் இடங்களையும் அடைத்தது. பாட்டியர் பறித்த தீவோரத்திலேயே பேத்தியர் வனத்துறைப் படகைக் கண்டு அஞ்ச நேர்ந்தது.