விழித்தெழும் கணினியின் எச்சரிக்கை

லினக்ஸ் என்னும் இயங்குதளம் உடைய கணினியின் மின்விசையை அழுத்தினால், கரிய திரையில் வெண்ணிற எழுத்து வரிகள் விரைந்தோடுவதைப் பார்க்கலாம். அவற்றிடையே சிற்சில வேளைகளில் ஓர் எச்சரிக்கையும் தோன்றும். சமவாய்ப்பு எண்ணாக்கி இன்னும் ஆயத்தமாகவில்லை; அதற்குள் ஏதோ ஒரு நிரல் அதனிடம் எண் கேட்டுப் பெற்றுவிட்டது என்பதே அதன் சாரம்.

எச்சரிக்கை தோன்றிய பின்னரும் கணினி வழக்கம்போலவே இயங்கும். ஆதலால் பலர் அதனைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவர். வேறு சிலரோ, அந்த வரி கண்ணில் படாமல் இருக்க வழியுண்டா என்று தேடுவர். இவ்விரண்டும் பிழை. அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு ஒன்று உண்டு. அதனை அறிந்தவர் அவ்வரியை அழிக்க முற்படார். அது சுட்டும் குறையையே களைய முற்படுவர்.

சமவாய்ப்பு எண் யாது?

தாயக்கட்டையை உருட்டுகிறோம். அடுத்து விழப்போவது இன்ன எண் என்று எவராலும் கூற முடிவதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒத்த வாய்ப்பு உண்டு. முன்பு விழுந்தவற்றை வைத்துப் பின்பு விழுவதைக் கணிக்கவும் இயலாது. இத்தகைய எண்ணையே சமவாய்ப்பு எண் என்கிறோம்.

விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று இவ்வெண். புள்ளியியலார் மக்களுள் சிலரைச் சார்பின்றித் தேர்ந்தெடுத்து ஆராய இது வேண்டும். அணு ஆராய்ச்சியில் துகள்களின் போக்கைக் கணக்கிட இது வேண்டும். இந்நாளில் வங்கிக் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் காக்கும் மறைசாவிகளை உருவாக்கவும் இதுவே அடிப்படை.

1927ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் டிப்பெட், மக்கள்தொகைக் கணக்கு அறிக்கைகளிலிருந்து இலக்கங்களைத் திரட்டி, 41,600 இலக்கங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். அமெரிக்காவின் ராண்ட் நிறுவனம் மின்னணுச் சுழல்வட்டு ஒன்றினை அமைத்து இலக்கங்களைத் திரட்டி, 1955இல் பத்து இலட்சம் இலக்கங்களை ஒரு நூலாகவே அச்சிட்டது. கதையும் கருத்தும் இன்றி, எண்கள் மட்டுமே நிறைந்த நூல் அது! அந்தப் பொறியிலும் சிறு சார்புகள் காணப்பட்டமையால், கிடைத்த இலக்கங்களை மீண்டும் கலக்க வேண்டியதாயிற்று. ஒழுங்கின்மையைத் தூய்மையாகப் பெறுவது எத்துணை அரிது என்பதற்கு இதுவே சான்று.

கணக்கால் வரும் போலி எண்

கணினி வந்த பின் சிக்கல் வேறு வடிவம் கொண்டது. கணினி ஆணைக்கு அடங்கிய பொறி. ஒரே கட்டளையையும் ஒரே தொடக்கத்தையும் கொடுத்தால், ஆயிரம் முறையும் ஒரே விடையையே தரும். அதுவே அதன் சிறப்பு. அத்தகைய பொறியிடம் எவரும் எதிர்பாராத எண் ஒன்றைக் கேட்டால், அது எங்கே போகும்?

1951இல் மான்செஸ்டரில் நிறுவப்பட்ட பெரான்டி மார்க் 1 என்னும் கணினிக்கு, அறிஞர் ஆலன் டூரிங் ஒரு வழி கூறினார். மின்சுற்றில் இயல்பாக எழும் இரைச்சலிலிருந்து எண்ணைப் பெறும் கட்டளை ஒன்று அவர் கருத்துப்படி அக்கணினியில் சேர்க்கப்பட்டது. இது இயற்கையிடம் கையேந்தும் வழி.

மற்றொரு வழி கணக்கு வழி. அறிஞர் ஜான் வான் நாய்மன் நடுவிலக்க முறை ஒன்றினைக் கையாண்டார். 1234 என்னும் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதன் வர்க்கம் 15,22,756. முன்னே ஒரு சுழியம் இட்டு எட்டு இலக்கமாக்கினால் 01522756. நடுவிலுள்ள நான்கு இலக்கங்கள் 5227. இதனையும் வர்க்கமாக்கி நடுவை எடுத்தால் 3215. அதன் பின் 3362. பார்ப்பதற்கு ஒழுங்கற்ற வரிசைபோலவே தோன்றுகிறது. ஆனால் 3792 என்னும் எண் இடையில் வந்துவிட்டால் என்ன ஆகும்? அதன் வர்க்கம் 14379264. நடுவிலக்கங்கள் மீண்டும் 3792! செக்கு மாடுபோல அவ்வரிசை அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வான் நாய்மனும் இக்குறையை அறியாதவர் அல்லர். கணக்கால் உண்மையான சமவாய்ப்பு எண் பிறவாது என்று எள்ளலாகவே எச்சரித்தவர் அவர். பிற்காலத்தார் இதனினும் மிகச் சிறந்த முறைகளைக் கண்டனர். எனினும் அடிப்படை உண்மை மாறவில்லை. எந்த முறையாயினும் தொடங்குவதற்கு ஒரு வித்து வேண்டும். முறையையும் வித்தையும் அறிந்தவன் வரிசை முழுவதையும் அறிவான். ஆகவே, மறைபொருளைக் காப்பது அவ்வித்தின் கணிக்கவொணாமையே ஆகும்.

வித்து எளிதானால் விளைவும் எளிது

1995ஆம் ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்களாகிய இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் ஆகிய இருவரும், அந்நாளில் புகழ்பெற்றிருந்த நெட்ஸ்கேப் உலாவியின் மறைகாப்பை உடைத்துக் காட்டினர். அவ்வுலாவி தன் வித்தினை அன்றைய நேரத்திலிருந்தும், இயங்கும் நிரல்களுக்குக் கணினி இடும் வரிசை எண்களிலிருந்தும் பெற்றது. நேரத்தை எவரும் அறிவர். வரிசை எண்களோ சிலவே. பூட்டு வலியதாக இருந்தும், சாவி வாயிற்படியிலேயே கிடந்தது.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1994இல், தியடோர் சோ என்பவர் லினக்ஸ் இயங்குதளத்திற்குச் சமவாய்ப்பு எண்ணாக்கி ஒன்றை எழுதியிருந்தார். விசைப்பலகையில் விரல் படும் கணம், சுட்டெலி அசையும் கணம், வன்தட்டு மறுமொழி தரும் கணம் ஆகியவற்றின் நுண்ணிய நேர வேறுபாடுகளை அது திரட்டும். துளித்துளியாகச் சேரும் அவற்றைக் கலக்கி வித்தாக்கும். டூரிங் மின் இரைச்சலில் தேடியதை, இவர் மனிதரின் விரலசைவிலும் பொறிகளின் தயக்கத்திலும் தேடினார் எனலாம்.

எச்சரிக்கையை அடக்கியதால் விளைந்த கேடு

ஈண்டு நாம் ஊன்றி நோக்கத்தக்க நிகழ்ச்சி ஒன்றுண்டு. டெபியன் என்பது லினக்ஸ் வகைகளுள் ஒன்று, பலராலும் பயன்படுத்தப்படுவது. 2006ஆம் ஆண்டில், அதன் மறைகாப்பு நிரல்தொகுதியாகிய ஓப்பன்எஸ்எஸ்எல்லைச் சோதனைக் கருவி ஒன்று ஆராய்ந்தபோது, மதிப்பு இடப்படாத நினைவகப் பகுதியை அது படிக்கிறது என்னும் எச்சரிக்கை எழுந்தது. அவ்வெச்சரிக்கையைப் போக்க எண்ணி, நல்லெண்ணத்துடனேயே இரண்டு வரிகள் செயலற்றவை ஆக்கப்பட்டன. எச்சரிக்கை மறைந்தது; அனைவரும் அமைதியுற்றனர்.

ஆனால் அவ்விரண்டனுள் ஒன்று, திரட்டிய கணிக்கவொணாமையை வித்தில் கலக்கும் வரியாகவும் இருந்தது. அது போனபின் எஞ்சியது, இயங்கும் நிரலின் வரிசை எண் மட்டுமே. அவ்வெண்ணோ வழக்கமான அமைப்பில் 32,768க்கு மேற்படுவதில்லை. எனவே ஒரே வகையும் ஒரே அளவும் உடைய மறைசாவிகள், எண்ணற்றவையாக இருக்க வேண்டியவை, சில பத்தாயிரங்களுக்குள் அடங்கிவிட்டன. அனைத்தையும் முன்கூட்டியே பட்டியலிட்டு வைத்துக்கொள்ள ஒருவனுக்கு நெடுநேரம் தேவையில்லை.

ஓராண்டுக்கும் மேலாக இதனை எவரும் வெளிப்படக் கூறவில்லை. லூசியானோ பெல்லோ என்பவர் கண்டறிந்து கூறிய பின், 2008ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அந்நிரலால் உருவான மறைசாவிகளை எல்லாம் களைந்து புதியன செய்துகொள்ள வேண்டியதாயிற்று. சாவிகள் அனைத்தும் பார்வைக்குக் குறையற்றனவாகவே இருந்தன, பூட்டின, திறந்தன. குறை உள்ளே இருந்தது. எச்சரித்த வாயை அடைத்தபின், அக்குறையைச் சொல்ல எவரும் இல்லை.

முதல் நொடியின் வறுமை

டெபியன் நிகழ்ச்சி நிரலைத் திருத்தியதால் நேர்ந்தது. நிரல் செம்மையாக இருந்தும் கேடு வரக்கூடும் என்பதை 2012ஆம் ஆண்டு காட்டியது. நாடியா ஹெனிங்கரும் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் மூவரும் இணையம் முழுவதும் உள்ள மறைசாவிகளின் வெளிப்பகுதிகளைத் திரட்டி ஒப்பிட்டனர். பாதுகாப்பான இணைப்புத் தரும் கணினிகளுள் 0.5 விழுக்காட்டின் இரகசியச் சாவிகளை அவர்களால் கண்டறிய முடிந்தது.

இஃது எவ்வாறு இயன்றது? இத்தகைய சாவி இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கத்தால் ஆவது. பெருக்கற்பலனை மட்டும் கொண்டு காரணிகளைக் காண்பது மிகக் கடினம். ஆனால் இரு சாவிகள் ஒரு பகா எண்ணைப் பொதுவாகக் கொண்டிருந்தால், பள்ளிக்கூடத்தில் நாம் கற்பிக்கும் மீப்பெரு பொதுவகுத்தியே போதும். 187, 253 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்க. இரண்டுக்கும் பொதுவகுத்தி 11. உடனே முன்னது 11, 17 ஆகியவற்றின் பெருக்கம் என்பதும், பின்னது 11, 23 ஆகியவற்றின் பெருக்கம் என்பதும் வெளிப்பட்டுவிடுகின்றன.

பிழைபட்ட சாவிகளுள் பெரும்பாலானவை ரவுட்டர், தீயரண் போன்ற சிறு கருவிகளுக்கு உரியவை. அவற்றிற்கு விசைப்பலகையும் இல்லை; சுட்டெலியும் இல்லை. ஒரே வார்ப்பில் செய்யப்பட்ட அவை முதன்முறை விழித்தெழும்போது, ஒன்றைப்போலவே மற்றொன்றும் இருக்கும். கணிக்கவொணாமை சிறிதும் சேராத அந்த முதல் நொடிகளிலேயே அவை தம் மறைசாவிகளைச் செய்துகொண்டன. விளைவு, ஒன்றையொன்று அறியாத கருவிகள் ஒரே பகா எண்ணைப் பெற்றன. விதைநெல் வந்து சேருமுன் உழவன் விதைக்கத் தொடங்கியது போன்றது இது.

காத்திருப்பதா, எழுவதா?

இதன் பின்னரே எச்சரிக்கையின் தேவை நன்கு உணரப்பட்டது. எண்ணாக்கி ஆயத்தமாகும்வரை நிரலைக் காத்திருக்கச் செய்யும் புதிய வழி ஒன்று, 2014இல் வெளிவந்த லினக்ஸ் 3.17ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. 2018இல் யான் ஹார்ன் என்பவர், ஆயத்தமாகுமுன்பே ஆயத்தம் என்று எண்ணாக்கி கருதிவிடும் குறையைச் சுட்டினார். அது திருத்தப்பட்டதும், அதுவரை மறைந்திருந்த உண்மை வெளிவந்தது. பல கணினிகளில் எச்சரிக்கைகள் பெருகின. சில கணினிகள் எழுவதற்கே காலம் தாழ்த்தின.

2019 செப்டம்பரில் இன்னும் விந்தையான நிகழ்ச்சி நேர்ந்தது. வன்தட்டினைக் குறைந்த முறையே நாடும்படி ஒரு திருத்தம் செய்யப்பட்டது. வேகத்திற்கு அது நன்று. ஆனால் வன்தட்டின் அசைவு குறைந்ததும், அதிலிருந்து திரளும் கணிக்கவொணாமையும் குறைந்தது. ஒரு கணினியில் நுழைவுத் திரைக்கான நிரல் எண் கேட்டுக் காத்திருக்க, கணினியோ திரையே காட்டாது நின்றுவிட்டது. லினக்ஸின் தந்தையாகிய லினஸ் டோர்வால்ட்ஸ் முதலில் அத்திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். பின்னர், 5.4ஆம் பதிப்பில், மையச் செயலியின் நுண்ணிய நேரத் தடுமாற்றங்களிலிருந்தே கணிக்கவொணாமையைத் திரட்டும் முறையைச் சேர்த்தார்.

அதே ஆண்டு சூலையில் வெளிவந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 3000 செயலிகள் வேறொரு பாடம் புகட்டின. சமவாய்ப்பு எண் தரும் கட்டளை அச்செயலிக்குள்ளேயே உண்டு. ஆயினும், தொடக்கத்தில் சில கணினிகளில் அக்கட்டளை எப்போது கேட்டாலும் 4294967295 என்னும் ஒரே எண்ணையே தந்தது. வெற்றி என்றும் அறிவித்தது! அதனால் சில லினக்ஸ் வகைகள் தொடங்கவே இயலாமற் போயின. தாய்ப்பலகையின் பயாஸ் திருத்தத்தால் அது சீராயிற்று. அதன்பின் லினக்ஸ், தொடங்கும்போதே அக்கட்டளையைச் சிலமுறை இயக்கிப் பார்த்து, விடை மாறாதிருப்பின் எச்சரிக்கை விடுக்கலாயிற்று.

எச்சரிக்கை கண்டவர் செய்யத்தக்கன

இனி நடைமுறைக்கு வருவோம். முதலாவதாக, தொடக்கப் பதிவேட்டைப் பார்த்து, எண் கேட்ட நிரல் எது, எண்ணாக்கி ஆயத்தமானது எப்போது என்று காண வேண்டும். மறைசாவி செய்யும் நிரல் அதற்கு முன் எண் பெற்றிருப்பின், அச்சாவியை நீக்கிப் புதியது செய்துகொள்வதே அறிவுடைமை. வேறு சிறு பணிக்காகப் பெற்றிருப்பின் அஞ்சுவதற்கு இல்லை.

இரண்டாவதாக, கெர்னல் எனப்படும் உள்ளகம் பழையதாயின் அதனைப் புதுப்பிக்க வேண்டும். செயலி ஒரே எண்ணைத் தருவதாக எச்சரிக்கை கூறின், பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். மெய்நிகர் கணினியாயின், அதனைத் தாங்கும் கணினியிடமிருந்து சமவாய்ப்பு எண் பெறும் கருவியை இணைத்தல் வேண்டும்.

மூன்றாவதாக, கணினி அணையும்போது ஒரு வித்தினைச் சேமித்து, மறுநாள் எழும்போது அதனைக் கலந்துகொள்ளும் ஏற்பாடு உண்டு. அது செம்மையாக நடைபெறுகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஆனால் ஒரு கணினியின் வன்தட்டினைப் படியெடுத்துப் பல கணினிகளுக்கு இடுபவர், அவ்வித்தினையும் முன்பு உருவான மறைசாவிகளையும் நீக்கிய பின்னரே படியெடுக்க வேண்டும். இன்றேல் ஒரே வித்து பல வீட்டில் விளையும்.

எழும்போதே அனைவரும் காத்திருந்தாக வேண்டும் என்று விதித்துவிட்டால் இவ்வெச்சரிக்கையே தேவைப்படாதே எனலாம். 2022 மார்ச்சில் அவ்வாறும் செய்து பார்த்தனர். சில பழைய கணினி வகைகளின் சோதனைகள் எழாமலே நின்றுவிட்டமையால், அம்மாற்றம் விரைவில் திரும்பப் பெறப்பட்டது. எனவேதான் அந்த எச்சரிக்கை வரி லினக்ஸில் நிலைத்து நிற்கிறது.

ஆணைக்கு அடங்குவதற்கென்றே படைக்கப்பட்ட பொறி, தன்னிடம் இல்லாத ஒன்றை உண்டென்று நடியாமல், இன்னும் இல்லை என்று ஒரு வரியில் சொல்கிறது. அவ்வாறு சொல்லாதிருந்த நாள்களில் நேர்ந்த கேட்டினை 2008உம் 2012உம் காட்டின. விடை தெரியாத மாணவன் தெரியாது என்று சொல்வதை நல்லாசிரியர் கடிவதில்லை. அவனுக்குத் தெரியாததைக் கற்பிக்கிறார். கணினியிடத்தும் நாம் செய்யத்தக்கது அதுவே.