மாடும் மேய்ச்சலும் நடுகல்லும்: தகடூர் நாட்டின் முற்கால வரலாறு

தருமபுரி மாவட்டத்தின் முற்கால வரலாறு பெரும்பாலும் நடுகற்களிலிருந்து எழுதப்பட்டது. மாட்டு மந்தையைக் கவர்ந்தபோதோ மீட்டபோதோ இறந்தவனுக்காக ஊரார் நட்டு வழிபட்ட பலகைக் கற்கள் இவை. வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் இவற்றை இன்றும் காணலாம். எழுத்துப் பொறித்த கற்கள் இங்கு ஏறத்தாழ கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தொடங்குகின்றன. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து இருளப்பட்டியில் கிடைத்த பழைய வட்டெழுத்து நடுகல் அவற்றுள் மிக முற்பட்டவற்றில் ஒன்று.

இவ்வளவு நடுகற்கள் இங்கே குவிந்ததற்கு நிலத்தின் தன்மை முதற்காரணம். சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாய் ஏறினால் தொடங்கும் இந்த மேட்டுநிலம் மைசூர்ப் பீடபூமியை நோக்கி உயர்ந்துகொண்டே போகிறது. கிழக்கே சித்தேரி மலை, நடுவே வத்தல்மலை, மேற்கே மேலகிரிக் காடுகள். காவிரி ஒகேனக்கல்லில் பாறைகளுக்கிடையே ஆழத்தில் ஓடுவதால் அதன் நீர் இந்த வயல்களுக்கு ஏறவில்லை. கேழ்வரகும் சாமையும் விளையும் மானாவாரி மண்ணில் நெல்லை விட மாடே கையிருப்புச் செல்வம். பென்னாகரம் பக்கத்தில் காவிரியோரக் காடுகளை ஒட்டி வளர்க்கப்பட்ட ஆலம்பாடி மாடு இன்றும் இப்பகுதியின் பெயர்பெற்ற இனம். மழை பொய்த்தால் மந்தை காட்டுக்குள் வெகுதூரம் போகும். போன மந்தையை ஓட்டிக்கொண்டு போவது எதிரிக்கு எளிது.

மனிதர் இங்கே வாழத் தொடங்கியது நடுகற்களுக்கு மிக முன்பு. மோதூரில் மாநிலத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் புதிய கற்கால வாழ்விடம் வெளிப்பட்டது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் அடங்கியிருந்து இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டதை 2022இல் தமிழக அரசு அறிவித்தது. அதே ஆண்டில் பென்னாகரம் வட்டத்துப் பெரும்பாலையிலும் அகழாய்வு நடந்தது. ஆனால் இந்த இடங்களில் வாழ்ந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. பெயர் வருவது சங்கப் பாடல்களில், அதுவும் தலைவர்களுக்கு மட்டும்.

தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் அது. அசோகரின் கட்டளைகள் சோழர், பாண்டியருடன் சதியபுதோ என்ற தெற்கத்திய அரசையும் குறிக்கின்றன. அது யார் என்ற நீண்ட விவாதம் 1981இல் திருக்கோவலூர் அருகே ஜம்பையில் கண்டெடுக்கப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டால் ஓய்ந்தது. அதியன் நெடுமான் அஞ்சியின் பெயரோடு சதியபுதோ என்ற பட்டம் அதில் இணைந்து நிற்கிறது. அஞ்சி இறந்தபின் அவன் நடுகல்லுக்குக் கள் படைக்கப்படுவதைக் கண்டு கலங்கும் ஔவையார் பாடல் புறநானூற்றில் உண்டு. தொல்காப்பியமோ கல்லைத் தேர்வதில் தொடங்கி வாழ்த்துவது வரை நடுகல் வழக்கத்துக்கு ஆறு நிலைகளை வகுக்கிறது. ஆநிரை கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று இலக்கணம் பெயரிட்டுவிட்டதால், கவிஞர் மரபு பெரிதாக்கிய கற்பனை இது என்று நினைக்கவும் இடமிருந்தது. 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்-பிராமி எழுத்துடன் நடுகற்கள் கிடைத்தபோது அந்த ஐயத்துக்கு வலுவில்லாமல் போயிற்று. அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளை, அதாவது ஆநிரை கவர்தலைச் சொல்கிறது.

ஆயினும் தகடூர் நாட்டின் நடுகற்கள் வெகுகாலம் ஆய்வாளர் கண்ணில் படவில்லை. ஆங்கிலேயர் காலக் கல்வெட்டுத் துறையின் கவனம் பெருங்கோயில் சுவர்களிலும் செப்பேடுகளிலும் இருந்தது. காவிரிப் படுகை அளவுக்குப் பெருங்கோயில்கள் எழாத ஒரு மாவட்டம் அந்தக் கணக்கில் ஏழையாகவே தெரிந்தது. 1961இல் உருவான தமிழ்நாடு தொல்லியல் துறை, இரா. நாகசாமி பொறுப்பேற்ற பிறகு, ஊர் ஊராக நடந்து கள ஆய்வு செய்தது. அதன் பயனாகச் செங்கம் நடுகற்கள் என்ற தொகுப்பு 1972இலும், தருமபுரிக் கல்வெட்டுகள் 1975இலும் வெளிவந்தன. நடன காசிநாதன் தமிழக நடுகற்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். எஸ். செட்டரும் குந்தர் சொந்தைமரும் 1982இல் தொகுத்த ஆய்வு நூல் இந்தியா முழுவதிலுமுள்ள நினைவுக் கற்களை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பின்னர் கா. ராஜன் பெருங்கற்காலச் சின்னங்களையும் நடுகற்களையும் இணைத்து ஆராய்ந்தார்.

இந்தக் கற்கள் முதலில் மாற்றியது பல்லவர் வரலாற்றை. சிம்மவர்மன், சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் என்று காஞ்சி அரசர்களின் பெயரும் ஆட்சியாண்டும் மேட்டுநிலத்துப் பலகைக் கற்களில் கிடைத்தன. பழைய பாடநூல்கள் மகேந்திரவர்மனுக்கு கி.பி. 600 முதல் 630 வரை முப்பது ஆண்டுகள் கொடுத்திருந்தன. செங்கம் பகுதி எடுத்தனூர்க் கல்லோ அவனது 34ஆம் ஆட்சியாண்டைச் சொல்கிறது. எனவே அவன் முடிசூடிய காலத்தை முன்னுக்குத் தள்ள வேண்டியதாயிற்று. எழுத்து வரலாற்றிலும் இதே கதைதான். வட்டெழுத்து பாண்டிய, சேர நாடுகளுக்கு உரியது என்ற எண்ணம் தளர்ந்து, பல்லவர் ஆட்சியின் மேற்குப் புறத்திலும் அது நடைமுறை எழுத்தாக இருந்தது தெளிவாயிற்று.

ஆனால் அரசர் வரிசையைத் திருத்தியது இவற்றின் சிறிய பயன். பெரிய பயன் கல்வெட்டு வாசகத்தின் பின்பகுதியில் இருக்கிறது. அரசன் பெயரும் ஆண்டும் முதலில் வரும். அடுத்து அப்பகுதியை ஆண்ட வாண அல்லது கங்க அரசர். பிறகு வீரன் யாரிடம் பணி செய்தான் என்பது. பிறகு எந்த ஊர்த் தொறு, யார் கொண்டார்கள், யார் மீட்டார்கள். கடைசியாகப் பட்டவன் பெயரும் கல் என்ற ஒற்றைச் சொல்லும். மந்தையைக் குறிக்கும் தொறு என்ற சொல் மீண்டும் மீண்டும் வருகிறது. பட்டவர்களில் பலர் சேவகர், இளமக்கள், அதாவது ஒரு தலைவனிடம் பணியாற்றியவர்கள். அதே காலச் செப்பேடுகளில் நிலம் கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் பரம்பரையே எழுதப்பட்டிருக்கும். அந்த நிலத்தில் உழைத்தவனுக்குப் பெரும்பாலும் பெயர் இருக்காது. மேய்ச்சல் நிலத்து உழைப்பாளிக்கும் காவலாளுக்கும் பெயரையும் இறந்த ஆண்டையும் சேர்த்துத் தந்த ஆவணம் அக்காலத் தமிழகத்தில் நடுகல்லைப் போல வேறில்லை. எடுத்தனூர்க் கல் இன்னும் ஒரு படி மேலே போய், கள்ளர்களைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயையும் செதுக்கிப் பெயரும் எழுதியிருக்கிறது.

பல்லவர் காலக் கல்லில் சிற்பம் எளிமையானது. ஒரு கையில் வில், மறு கையில் வாள் அல்லது அம்பு, போர் நடையில் கால்கள், சில சமயம் உடம்பில் தைத்த அம்புகள், காலடியில் கெண்டி. 9ஆம் நூற்றாண்டில் தகடூர் நுளம்பர் ஆட்சியின் முக்கிய நகரமானது. ஊரில் கட்டப்பட்ட சமணப் பள்ளிக்கான கொடையைக் கூறும் கி.பி. 893ஆம் ஆண்டுக் கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது. கன்னட நாட்டுச் சாயலும் நடுகல்லில் ஏறியது. கீழே போர், நடுவே வீரனை விண்ணுலகுக்கு அழைத்துப் போகும் தேவமகளிர், மேலே லிங்க வழிபாடு என்று கல் அடுக்கடுக்கானது. தமிழும் கன்னடமும் கலந்து புழங்கிய எல்லைநாடு என்பது இந்தக் கற்களிலேயே தெரிகிறது.

தொறுப்பூசல் வெறும் திருட்டு அல்ல என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஒரு தலைவன் இன்னொருவனின் மந்தையைப் பிடிப்பது அவன் செல்வத்தையும் மேய்ச்சல் எல்லையையும் அசைப்பது. பல பூசல்களில் இரு பக்கமும் சிற்றரசர் பெயர் வருவது இதற்குச் சான்று. பட்டவனின் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. தமிழில் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்றும், கன்னடத்தில் நெத்தரு கொடகெ என்றும் அதற்குப் பெயர். வீரம் என்று பாடப்பட்டதன் அடியில் ஒரு பணி ஒப்பந்தமும் இழப்பீடும் இருந்தன. வீரவழிபாட்டை மட்டும் பேசும் நூல்கள் இந்தப் பக்கத்தை எளிதாகத் தாண்டிவிடுகின்றன.

சோழர் ஆட்சி இங்கே பரவியபின் ஏரிப் பாசனமும் கோயில் நிலமும் பெருகின. கல்வெட்டுகள் மெல்லக் கோயில் சுவருக்கு மாறின. அதியமான் மரபினர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டவர்கள், 1200ஐ ஒட்டி ஆண்ட விடுகாதழகிய பெருமாள் வரை, தகடூரில் தொடர்ந்தனர். நடுகல் நடுவது அற்றுப்போகவில்லை. விஜயநகர, நாயக்கர் காலங்களிலும் புலியோடும் பன்றியோடும் பொருதவர்களுக்குக் கல் நின்றது. அவற்றில் பலவற்றில் எழுத்தே கிடையாது.

இன்று மாவட்டத்தின் பல ஊர்களில் நடுகல் வேடியப்பன் என்ற பெயரில் தெய்வமாக நிற்கிறது. பிள்ளைகளுக்கும் அந்தப் பெயர் வைக்கப்படுகிறது. வழிபாடு பல கற்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதே வழிபாட்டில் தடவிய எண்ணெயும் பூசிய வண்ணமும் எழுத்தை மறைப்பதும் உண்டு. கல்லிலுள்ள வீரனைத் தங்கள் சாதியின் முன்னோன் என உரிமை கோருவதும் நடக்கிறது. வாசகங்கள் சொல்வது பெரும்பாலும் ஊர், தலைவன், பணி, உறவு ஆகியவற்றையே. இன்றைய சாதிப் பெயரை அவற்றுக்குள் படிப்பது சான்றை மீறியது.

தருமபுரியில் உள்ள அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் திரட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. அங்கே எழுத்து பாதுகாப்பாக இருக்கிறது. ஆனால் அந்தக் கல் எந்த மேய்ச்சல் வெளியை, எந்தக் கணவாயைப் பார்த்து நின்றது என்பது இடம் பெயர்த்ததும் போய்விடும். நிலத்தைச் சமன்செய்யும்போதும் சாலையை அகலப்படுத்தும்போதும் கல் தென்பட்டால், அதை அசைக்கும் முன் நின்ற இடத்தையும் திசையையும் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.