அட்சதை விழும் நேரம்

1996-ல் கும்பகோணத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் கற்றுக்கொண்டேன். இரண்டு வி.எச்.எஸ். டெக்குகள், ஒன்றில் ஓடுவதை மற்றதில் பதிய வேண்டும். பிரதிக்குப் பிரதி நிறம் வெளிறும். ஆனாலும் எங்கே நிறுத்தினாலும் அங்கே ஒரு முழுப் படம் இருக்கும்.

அடுத்து மினி டி.வி. என்ற டிஜிட்டல் வீடியோ கேசட் வந்தது. அது படத்தைச் சுருக்கித்தான் பதிந்தது. ஆனால் ஒவ்வொரு பிரேமையும் தனித்தனியாகச் சுருக்கியது. அந்தச் சுருக்கலுக்கு அடிப்படையான கணக்கை, பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-ல் வெளியிட்டார். ஒரு மணி நேரக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் 13 ஜி.பி. ஆகும். நினைத்த பிரேமில் வெட்டலாம்.

வேலை முடிந்ததும் வீட்டாருக்கு விசிடியில் கொடுத்தோம். அப்போதுதான் முதல் சிக்கலைக் கண்டேன். நாதஸ்வரம், பந்தி, வரவேற்பு எல்லாம் சுத்தமாக இருக்கும். கெட்டிமேளம் கொட்டி அட்சதை விழுந்ததும் மணமக்கள் முகம் சதுரம் சதுரமாகச் சிதறும்.

காரணம் விசிடியின் சுருக்கும் முறை. எப்போதாவது ஒரு பிரேமை மட்டும் முழுதாக வைக்கும். அது ஐ பிரேம். அடுத்தவற்றில், முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் குறிப்பது ஒரு வகை. முன்னும் பின்னும் உள்ள இரண்டு படங்களையும் பார்த்து நடுவில் இருப்பதைக் குறிப்பது இன்னொரு வகை. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு வெவ்வேறு எழுத்துகள். தமிழில் எழுதினால் இரண்டும் 'பி'தான். அதனால் எங்கள் அறையில் முழுசு, ஒருபக்கம், இருபக்கம் என்றே சொல்வோம். இருபக்கத்துக்குப் பின்னால் வரும் படமும் தேவை என்பதால், அந்தப் படம் கோப்பில் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கும். ஆடாத மேடையில் மாற்றம் குறைவு. அட்சதை பறக்கும்போது படம் முழுக்க மாறுகிறது. அத்தனையையும் எழுத விசிடியில் இடமில்லை.

பிறகு எச்.டி.வி. கேமரா வந்தது. அதே கேசட், விநாடிக்கு அதே 25 மெகாபிட்; படமோ 720-க்கு 576 என்பதிலிருந்து 1440-க்கு 1080 ஆக வளர்ந்திருந்தது. அவ்வளவையும் அடக்க, கேமராவுக்குள்ளேயே முழுசு, ஒருபக்கம், இருபக்கம் என்று பதிந்தார்கள். 12 பிரேமுக்கு ஒரு முழுசு. பழைய கேசட்டில் தூசி பட்டால் ஒரு பிரேமில் கட்டம் விழும், அவ்வளவுதான். இதில் முழுசு கெட்டால் அதை நம்பியிருக்கும் எல்லாமே போகும்.

ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் போயிற்று. மூன்றாவது முடிச்சு விழும் இடத்தில் படம் உறைந்து, அரை விநாடி கழித்து எழுந்தது. அதற்குள் மணமகன் கை தாலியை விட்டிருந்தது. பெண்ணின் அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. எனக்குத்தான் சொல்ல வாய் வரவில்லை.

அதன்பின் எந்த ஃபுட்டேஜையும் கேனோபஸ் ஹெச்.க்யூ. என்ற எடிட்டிங் வடிவத்துக்கு மாற்றிய பிறகே தொட்டேன். கோப்பு பல மடங்கு பெருகும்; ஆனால் ஒவ்வொரு பிரேமும் முழுசாகும், வெட்டு சொன்ன இடத்தில் விழும். ஆனாலும் கெட்டுப்போன பிரேமை எந்த மாற்றமும் மீட்டுத் தராது. அதனால் முகூர்த்தத்துக்கு எப்போதும் இரண்டு கேமரா வைக்கிறேன்.

இன்று பையன்கள் செல்போனில் எடுத்ததையும் கொண்டுவருகிறார்கள். அதிலும் பெரும்பாலும் முழுசை நம்பித்தான் மற்ற பிரேம்கள் நிற்கின்றன. அவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்த மூன்றாவது முடிச்சைத்தான்.