மூணு கல்லும் ஒரு உயிரும்: இரண்டு விளையாட்டு வகைகள் கலந்த கதை



இந்தத் தடவை கணினி விளையாட்டுகளைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை. "விளையாட்டுக்கெல்லாம் வரலாறா?" என்று சிரிக்க வேண்டாம். பாங் என்ற விளையாட்டு வந்தது 1972ல். அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. தாராளமாக வரலாறு எழுதலாம் :-)

பஸ்ஸிலோ ரயிலிலோ யாராவது செல்போனில் கலர் கலராக மிட்டாய்களை நகர்த்திக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் காணாமல் போகும், மேலிருந்து புதுசு விழும். இதற்குப் பெயர் மேட்ச் த்ரீ. இன்னொரு பக்கம், இருட்டுக் குகைக்குள் போய் பேய் பிசாசோடு சண்டை போட்டு, செத்தால் முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டிய விளையாட்டு. இதற்குப் பெயர் ரோக்லைக். முதலாவது பொழுது போக்க, இரண்டாவது பிடிவாதக்காரர்களுக்கு. இந்த இரண்டுக்கும் எப்படிக் கல்யாணம் நடந்தது? அந்தக் கல்யாணம் ஏன் சில வீடுகளில் நன்றாக நடந்தது, சில வீடுகளில் சண்டையில் முடிந்தது? இதுதான் விஷயம்.

மாப்பிள்ளை வீடு: ரோக்

1980 வாக்கில் கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டாய், க்ளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் ஒரு விளையாட்டு எழுதினார்கள். பிறகு பெர்க்லியில் கென் அர்னால்டும் சேர்ந்துகொண்டார். அதுதான் ரோக். படம் எதுவும் கிடையாது. திரை முழுக்க எழுத்துகள்தான். நீங்கள் '@' குறி. பூதங்கள் எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்துகள், மொத்தம் 26 வகை. பெர்க்லி யூனிக்ஸோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டதால் பல்கலைக்கழகக் கணினிகளில் எல்லாம் பரவியது.

ரோக்கில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, குகை ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாகும். மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது. இரண்டு, செத்தால் செத்ததுதான். விளையாட்டைச் சேமித்துவிட்டு எழுந்து போகலாம், ஆனால் திரும்ப வந்து திறந்ததும் அந்தக் கோப்பு அழிந்துவிடும். தப்பு நடந்தால் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகும் வித்தைக்கு இடமே இல்லை. ஒவ்வொரு அடியையும் யோசித்து வைக்க வேண்டும். யோசிக்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நீங்கள் நகர்ந்தால்தான் பூதமும் நகரும்.

1987ல் நெட்ஹேக், 1990ல் ஆங்பேண்ட் என்று குடும்பம் பெருகியது. 2008ல் பெர்லினில் இந்த வகை விளையாட்டுகளை எழுதுகிறவர்கள் கூடி, "எதை ரோக்லைக் என்று சொல்லலாம்?" என்று ஒரு பட்டியலே போட்டார்கள். இடம் தற்செயலாக உருவாக வேண்டும், செத்தால் முதலிலிருந்து, நீ ஒரு அடி நான் ஒரு அடி என்ற முறை, எல்லாம் கட்டத்துக்குள், இருக்கிற பொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெண் வீடு: உருண்டைகளும் வைரங்களும்

1984ல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னவ் எழுதிய டெட்ரிஸ் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு விழுகிற பொருளை அடுக்கும் விளையாட்டுகள் வரிசையாக வந்தன. 1994ல் ரஷ்யாவில் யெவ்கெனி அலெம்ஷின் என்பவர் டாஸ் கணினிக்கு ஷாரிக்கி என்று ஒன்று எழுதினார். ரஷ்ய மொழியில் சின்ன உருண்டைகள் என்று அர்த்தம். பக்கத்துப் பக்கத்து உருண்டைகளை இடம் மாற்றி மூன்றைச் சேர்க்க வேண்டும். இன்றைய மேட்ச் த்ரீயின் அடிப்படை அதிலேயே இருக்கிறது.

அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அமெரிக்காவின் பாப்கேப் நிறுவனம். முதலில் டைமண்ட் மைன் என்று பெயர் வைத்து, பிறகு பிஜுவல்ட் என்று மாற்றினார்கள். 2001ல் பிரபலமாகிவிட்டது. எட்டுக்கு எட்டு, 64 கட்டம். ஏழு நிறக் கற்கள். நேரக் கெடு இல்லாமல் விளையாடும் வகையும் உண்டு. நகர்த்த வழியே இல்லை என்றால்தான் ஆட்டம் முடியும். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் விளையாடுகிறவர்களுக்கு அமிர்தம்!

ஜாதகப் பொருத்தம்

இப்போது பெர்லின் பட்டியலை எடுத்து பிஜுவல்ட் மேல் வைத்துப் பாருங்கள். கட்டம்? இருக்கிறது. நான் நகர்த்தினால்தான் எதுவும் நகரும்? ஆமாம். ஒவ்வொரு தடவையும் புதிதாக, தற்செயலாக உருவாகிறதா? ஆமாம். பாதிப் பொருத்தம் வந்துவிட்டது! இல்லாதது இரண்டே இரண்டு: எதிரி, சாவு.

ஆனால் ஒரு தோஷமும் இருக்கிறது, அதிர்ஷ்டம் வரும் நேரம். தாயம் ஆடும்போது முதலில் தாயக்கட்டையை உருட்டுகிறோம், விழுந்த எண்ணைப் பார்த்து எந்தக் காயை நகர்த்தலாம் என்று யோசிக்கிறோம். அதிர்ஷ்டம் முன்னால், மூளை பின்னால். மேட்ச் த்ரீயில் இது தலைகீழ். முதலில் யோசித்துக் கல்லை நகர்த்துகிறோம், அப்புறம் மேலிருந்து என்ன விழும் என்பது அதிர்ஷ்டம். ஏழு வகையும் சம வாய்ப்பில் விழுவதாக வைத்துக்கொண்டால், புதிதாக விழும் மூன்று கல்லும் ஒரே வகையாக இருக்க 49ல் ஒரு வாய்ப்பு. ஏற்கனவே பலகையில் இருப்பதோடு சேருவதையும் கணக்கில் எடுத்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். தனியாக ஆடும்போது இப்படித் தானாகச் சேர்ந்து வெடித்தால் சந்தோஷம்தான், யாருக்கும் நஷ்டமில்லை. எதிரியும் உயிரும் வந்த பிறகு?

2007: பலகை ஆயுதமானது

ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் இன்ஃபினிட் இன்டராக்டிவ் என்ற நிறுவனம். அதன் தலைவர் ஸ்டீவ் ஃபாக்னர், வார்லார்ட்ஸ் என்ற போர் விளையாட்டுத் தொடரை உருவாக்கியவர். அவர்கள் 2007ல் கொண்டுவந்தது பஸில் க்வெஸ்ட். நின்டென்டோ டிஎஸ், பிஎஸ்பி இரண்டிலும் வந்தது.

நீங்கள் ஒரு வீரன். எதிரே ஒரு பூதம். நடுவில் பிஜுவல்ட் மாதிரி ஒரு பலகை, இருவருக்கும் பொது. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் கற்களைச் சேர்த்தால் அந்தந்த நிற மந்திர சக்தி ஏறும். மண்டையோடு மூன்று சேர்த்தால் எதிரிக்கு அடி. காசு சேர்த்தால் பணம், ஊதா நட்சத்திரம் சேர்த்தால் அனுபவம். நான்கு சேர்த்தால் இன்னொரு முறை ஆடலாம். நகர்த்த வழியே இல்லை என்றால் இருவரின் மந்திர சக்தியும் காலியாகி, பலகை புதிதாக நிரம்பும்.

என்ன அழகு பாருங்கள்! ஒரு கல்லை எடுப்பது எனக்கு லாபம் மட்டுமில்லை, எதிரிக்குக் கிடைக்காமல் செய்வதும்கூட. சதுரங்கம் மாதிரி இரண்டு பக்கமும் யோசிக்க வேண்டும்.

பஸில் க்வெஸ்ட் பெரிய வெற்றி. கூடவே ஒரு புகாரும் எழுந்தது: "கணினி ஏமாற்றுகிறது!" எதிரி ஒரு கல்லை நகர்த்துவான், மேலிருந்து மண்டையோடாக விழுந்து நம் உயிர் பாதி போய்விடும். மேலே என்ன வருகிறது என்று அவனுக்கு முன்னாடியே தெரிகிறது என்றார்கள் ஆட்டக்காரர்கள். உருவாக்கியவர்கள் இல்லை என்று மறுத்தார்கள். நமக்கு விழுந்த அதிர்ஷ்டத்தை நாம் திறமை என்று எடுத்துக்கொள்வோம், எதிரிக்கு விழுந்ததை மோசடி என்போம். மனித சுபாவம்! ஆனாலும் புகாருக்குள் ஒரு நியாயம் இருக்கிறது. யோசித்து ஆடியவன், யோசனைக்குப் பின்னால் வந்த அதிர்ஷ்டத்தால் தோற்கிறான். அது உறுத்தத்தானே செய்யும்? தோற்றாலும் மறுபடி போய்ச் சண்டை போடலாம் என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பஸில் க்வெஸ்ட் ரோக்லைக் இல்லை. உண்மையான சாவு இன்னும் வரவில்லை.

2010: பலகையே குகையானது

2010ல் ஐபோனுக்கு டஞ்சன் ரெய்டு என்று ஒரு சின்ன விளையாட்டு வந்தது. ஆறுக்கு ஆறு, 36 கட்டம்தான். வாள், மண்டையோடு, கேடயம், மருந்து, காசு. ஒரே வகையில் மூன்றோ அதற்கு மேலோ பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், குறுக்காகவும்கூட, விரலால் கோடு இழுத்துச் சேர்க்கலாம்.

இங்கே மண்டையோடுதான் எதிரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உயிர், தனித்தனி அடி. வாள்களையும் மண்டையோடுகளையும் ஒரே கோட்டில் இழுத்தால் வாளின் பலம் மண்டையோட்டின் மேல் இறங்கும். நீங்கள் ஆடி முடித்ததும், பலகையில் மிச்சமிருக்கும் மண்டையோடுகள் உங்களை அடிக்கும்.

பஸில் க்வெஸ்ட்டில் எதிரி பலகைக்கு வெளியே நிற்கிறான். இங்கே பலகைக்குள்ளேயே இருக்கிறான். கேட்கச் சின்ன மாற்றம்தான். ஆனால் அதிர்ஷ்டத் தோஷத்துக்கு இதுதான் பரிகாரம். மேலிருந்து மண்டையோடு விழுவது இன்னமும் அதிர்ஷ்டம்தான். ஆனால் விழுந்தது உங்கள் கண் முன்னால் நிற்கிறது. அதைப் பார்த்து அடுத்த அடியை யோசிக்கலாம். இப்போது மருந்து எடுப்பதா, கேடயமா, இல்லை வாளைச் சேர்த்து வைத்து மொத்தமாக வெட்டுவதா? தாயம் மாதிரியே அதிர்ஷ்டம் முன்னால், மூளை பின்னால்! காசு சேர்ந்தால் புதுப் பொருள், மண்டையோடு உடைத்தால் அனுபவம், அதனால் புதுத் திறமை. ஆனால் கதைக்கு முடிவு கிடையாது. எதிரிகள் பலமாகிக்கொண்டே போவார்கள், ஒரு நாள் சாவீர்கள், மறுபடி முதலிலிருந்து. ரோக் 30 வருஷம் முன்னால் சொன்ன அதே விதி, வெறும் 36 கட்டத்துக்குள்.

2012: உயிருக்கு விலை வைத்த வருஷம்

2012ல் பாதை இரண்டாகப் பிரிந்தது. பிப்ரவரியில் ஜப்பானின் கங்ஹோ நிறுவனம் பஸில் அண்ட் டிராகன்ஸ் வெளியிட்டது. குகை இருக்கிறது, பூதங்கள் இருக்கின்றன, ஒவ்வொரு பூதத்தின் மேலும் இன்னும் எத்தனை முறையில் அடிக்கும் என்று எண் இருக்கிறது. ஐந்து வரிசை, ஆறு பத்தி உள்ள பலகையில் ஒரு உருண்டையை விரலால் பிடித்து, சில நொடிகளுக்குள் எங்கு வேண்டுமானாலும் இழுத்துப் போய் வழியில் உள்ளதையெல்லாம் இடம் மாற்றலாம். மிக நல்ல வடிவமைப்பு, மறுக்க முடியாது. ஆனால் செத்தால்? ஒரு மந்திரக் கல் கொடுத்தால் உயிர் திரும்பும். கல்லைக் காசு கொடுத்தும் வாங்கலாம். கொடுக்காவிட்டால் அந்தக் குகையில் கிடைத்ததெல்லாம் போச்சு.

அதே வருஷம் வந்த கேண்டி க்ரஷ் சாகாவில் ஐந்து உயிர். ஒவ்வொன்றும் திரும்ப 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கொடுக்க வேண்டும்.

ரோக்கில் சாவு என்பது பேரம் பேச முடியாத ஒன்று. அதனால்தான் ஒவ்வொரு அடிக்கும் மதிப்பு. இங்கே சாவு ஒரு கடை வாசல். பேரம் பேசலாம் என்று ஆனவுடனே ஒரு சந்தேகம் ஒட்டிக்கொள்கிறது: நான் தோற்றது என் தப்பாலா, இல்லை நான் தோற்க வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டதாலா? 2007ல் கேட்ட "ஏமாற்றுகிறதா?" என்ற அதே கேள்வி. அன்றைக்கு ஏமாற்றினாலும் யாருக்கும் லாபமில்லை. இன்றைக்கு லாபம் இருக்கிறது!

இன்னொரு பாதை

காசு கேட்காத பாதையும் அழியவில்லை. 2012லேயே லூக்கா ரெட்வுட் என்ற தனி மனிதர் '10000000' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். ஆமாம், பெயரே ஒரு கோடி! அவ்வளவு மதிப்பெண் எடுத்தால் சிறையிலிருந்து விடுதலை. இதில் முறை வைத்து ஆடுவது இல்லை, ஓட்டம்தான். யோசிக்கும் நேரம் போய் பதற்றம் வந்தது.

2015ல் வந்த அயர்ன்காஸ்ட் மறுபடி நிதானத்துக்குத் திரும்பியது. 1886ம் வருஷத்து இங்கிலாந்து, ஆனால் கற்பனை. பெரிய நடக்கும் இயந்திரங்கள் சண்டை போடுகின்றன. பலகையிலிருந்து குண்டு, ஆற்றல், குளிர்விக்கும் நீர், பழுது பார்க்கும் பொருள் எல்லாம் கோடு இழுத்துச் சேகரிக்க வேண்டும். இயந்திரம் உடைந்தால் படையெடுப்பு முதலிலிருந்து. 2021ல் ஷவல் நைட் பாக்கெட் டஞ்சன். இதில் வீரனே பலகைக்குள் இறங்கிவிட்டான்! ஒரே வகை எதிரிகள் ஒட்டி நின்றால் ஒரு அடி எல்லார் மேலும் விழும்.

வருத்தமான செய்தி ஒன்று. 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது ஆப்பிள் பழைய 32 பிட் செயலிகளை நிறுத்தியது. டஞ்சன் ரெய்டு அதோடு போய்விட்டது. பஸில் க்வெஸ்ட் 2019ல் நின்டென்டோ ஸ்விட்சில் புது உருவம் எடுத்துத் திரும்பியது. சின்னதுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. செத்தால் முதலிலிருந்து ஆடு என்று சொன்ன விளையாட்டுக்கே மறுபிறவி கிடைக்கவில்லை.

என் முடிவு

எந்த விளையாட்டும் ஆடுகிறவனிடம் தப்புக்கு ஒரு விலை கேட்கும். பிஜுவல்ட் கேட்டது கொஞ்ச நேரம். ரோக்கும் டஞ்சன் ரெய்டும் கேட்டது அதுவரை சேர்த்த எல்லாம். பஸில் அண்ட் டிராகன்ஸ் கேட்டது பர்ஸ். இதில் கொடூரமாகத் தெரிவது ரோக்தான். ஆனால் எனக்கு நேர்மையாகப் படுவதும் அதுதான். எல்லாவற்றையும் பறித்துக்கொண்டாலும், "இது உன் தப்பு, அடுத்த தடவை நன்றாக ஆடு" என்று மரியாதையோடு சொல்லி அனுப்புகிறது.

அடுத்த தடவை ஒரு விளையாட்டில் தோற்றால், அது உங்களிடம் என்ன விலை கேட்கிறது என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். உங்களுக்குப் பிடித்த விளையாட்டு எந்தப் பக்கம்? சொல்லுங்கள், பேசலாம்.